அரக்கு பூசிய மிதவை

அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிற எந்தத் தச்சருக்கும் இது தெரியும். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தான் அவர் வேலையையே தொடங்குவார். இந்தச் சின்ன விஷயம்தான் பெஹாலாவில் ஒரு படகு மோட்டாரை முடக்கிப் போட்டது.

மோட்டாரின் சொந்தக்காரர் தூத்துக்குடிக்காரர். கிதர்பூர்ப் பக்கம் பட்டறைகளில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, டயமண்ட் ஹார்பர் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் குடியிருக்கிறார். மோட்டார் 1950களில் அமெரிக்காவில் செய்த ஐந்தரைக் குதிரைத்திறன் எவின்ரூட். படகின் பின்பலகையில் மாட்டி, கயிற்றைச் சுண்டி இழுத்துக் கிளப்பும் ரகம். பழைய இரும்பு ஏலத்தில் அவரும் ஒரு வங்காள நண்பரும் பாதிப் பணம் போட்டு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அதை வைத்துக்கொண்டு ஹூக்ளியில் மீன் பிடிக்கப் போனார்கள். பல வருஷம் போனார்கள். இப்போது நண்பருக்குக் கண் அழுத்த நோயால் பார்வை முற்றிலும் போய்விட்டது. "தாதா, அதன் சத்தத்தையாவது ஒரு தரம் கேட்க வேண்டும்" என்று போனில் சொன்னார். கட்டிலடியில் சாக்குக்குள் கிடந்த மோட்டார் அப்படித்தான் வெளியே வந்தது.

மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் தன் மோட்டாரை விற்க ஆரம்பித்தது 1909இல். விளம்பரம், கடிதப் போக்குவரத்து எல்லாம் மனைவி பெஸ் பார்த்துக்கொண்டார். துடுப்பைத் தூக்கி எறியச் சொன்ன அந்த அம்மாளின் விளம்பர வாசகம்தான் வியாபாரத்தை வளர்த்தது என்பார்கள். 111 வருஷம் கழித்து, 2020இல், எவின்ரூட் மோட்டார் உற்பத்தியே நின்றுபோனது.

பெஹாலாவில் இதைப் பழுது பார்க்க ஆள் இல்லை. சுந்தரவனம் வரை ஓடுகிற நாட்டுப் படகுகளில் இருப்பது டீசல் என்ஜின். சத்தத்தை வைத்தே 'போட்போட்டி' என்று பெயர். டீசலுக்குக் கார்புரேட்டர் கிடையாது. டூ ஸ்ட்ரோக் தெரிந்தவர்கள் ஆட்டோ மிஸ்திரிகள்தான். நீதிமன்ற உத்தரவால் 2009இல் கொல்கத்தாவில் டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் ஒழிந்தபோது அந்தக் கைப்பழக்கமும் மெல்லப் போய்விட்டது. ஒரு மிஸ்திரி, பழைய ஸ்கூட்டர் கார்புரேட்டரை வெட்டி ஒட்டித் தருவதாகச் சொன்னார். ஓடியிருக்கும். ஆனால் சத்தம் வேறாக இருந்திருக்கும். வேண்டாம் என்று பெரியவரே ஸ்பேனரை எடுத்தார்.

கார்புரேட்டர் என்பது காற்றில் பெட்ரோலைத் தூவுகிற சாதனம், அவ்வளவுதான். குறுகலான கழுத்து வழியே காற்று விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல் மெல்லிய துளை வழியே மேலே இழுக்கப்படும். கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க ஒரு மிதவை. அது உயர்ந்தால் ஊசி வாயை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிற அதே ஏற்பாடு.

கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் வெல்லப்பாகு மாதிரி பழைய பெட்ரோல் இறுகிக் கிடந்தது. துளைகளை எஃகுக் கம்பியால் குத்தினால் பித்தளை அகன்று அளவு கெட்டுவிடும். மின்கம்பியின் ஒற்றைச் செம்பு இழையை விட்டு, கிளீனரை ஊற்றி ஊறவைத்து, சைக்கிள் பம்பால் ஊதினார். இரண்டு நாள். அட்டை கேஸ்கட்டை வார்ப்பின் விளிம்பில் வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டியே வெட்டி எடுத்தார். பித்தளை ஊசிகளுக்கு மனைவியிடம் புளி வாங்கித் தேய்த்தார். அலுமினிய உடம்பில் மட்டும் புளி படக்கூடாதாம்.

மாட்டிக் கயிற்றை இழுத்தபோது ஓடியது. பத்து நாள் கழித்து இழுத்தால் பெட்ரோல் வெளியே வழிந்தது.

குற்றவாளி மிதவை. தக்கையில் செய்து மேலே அரக்கு பூசியது. அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு அரக்கு அசைந்து கொடுக்காது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. 20 சதவீதம் கலக்கும் இலக்கை இந்தியா 2025இல் எட்டிவிட்டது. எத்தனால் என்பது சாராயம்தானே. அரக்கு கரைந்தது, தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்தது, மூழ்கியது, ஊசி அடைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அரக்கு, பலாச மரத்திலும் இலந்தையிலும் ஒட்டி வாழும் ஒரு பூச்சியின் கசிவு. புருலியாவிலும் பக்கத்துச் சோட்டா நாக்பூரிலும் பழங்குடி மக்கள் சேகரிப்பது. அமெரிக்கா அந்நாளில் வாங்கிய அரக்கில் பெரும்பகுதி கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. பெஹாலாவின் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து போன சரக்கே மிதவைமேல் ஏறித் திரும்பி வந்திருந்தால் ஆச்சரியமில்லை. அரக்கு மாளிகை தீயில் எரிந்தது; இது சாராயத்தில் கரைந்தது.

கன்னியாகுமரிக் கரையில் மண்ணெண்ணெயில் வள்ளம் ஓட்டுகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு வேறு தொல்லை: கரி.

புது மிதவைக்குத் தக்கை, ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. பழையதை அச்சாக வைத்து பிளேடால் செதுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, அரக்குக்குப் பதில் ஃபெவிக்விக்கை மூன்று கை பூசினார். காய்ந்ததும் ஒரு சீசாவில் பங்க் பெட்ரோலை ஊற்றி அதில் மிதக்கவிட்டார். ஒரு மாதம் மிதந்தது. கனக்கவில்லை. நண்பர் இரண்டு முறை போன் செய்து, "ஆயிற்றா?" என்றார். உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருந்தார் அவர். அவசரப்பட்டு மாட்டியிருக்கலாம். ஃபிட்டர் அப்படிச் செய்ய மாட்டார்.

பிறகு வாசலில் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை மாட்டினார். 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். மேல் ஊசி ஒன்றரைச் சுற்று, கீழ் ஊசி ஒரு சுற்று திறப்பு. ஐந்தாவது இழுப்பில் பிடித்தது. சந்து முழுக்க நீலப் புகை. எதிர்வீட்டம்மா ஜன்னலைச் சாத்தினார். போனைப் பேரன் மோட்டார் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு நண்பர் சொன்னார்: "தாதா, இழுத்து இழுத்து ஓடுகிறது. பெட்ரோல் அதிகம். கீழ் ஊசியை இன்னும் கொஞ்சம் மூடு."

கால் சுற்று மூடினார். சத்தம் சீரானது.

"அரைக்கால் திரும்ப விடு" என்றார் நண்பர்.