மகாராஜாவும் அப்பாவின் லாரிக் கணக்கும்

நாமக்கல் பக்கம் எந்தக் கணக்கையும் லாரியை வைத்துத்தான் போடுவோம். பக்கத்து வீட்டுக் கல்யாணச் செலவைக்கூட 'ஒரு செட் டயர் காசு ஆயிருக்கும்' என்று சொல்லும் ஊர் இது. என் அப்பா முப்பது வருடம் லாரித் தொழிலில் இருந்தவர். முதலில் டிரைவர், பிறகு ஒரே ஒரு வண்டிக்கு ஓனர். ஏர் இந்தியா எப்படி எழுந்தது, எப்படிச் சரிந்தது என்பதை எனக்குப் புரிய வைத்தது அவருடைய லாரிக் கணக்குதான்.

"ஏரோப்ளேனும் ஒரு லாரிதான் கண்ணு. ஓடுனாத்தான் காசு. நின்னா டியூ கட்ட முடியாது" என்பார்.

இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் என் தாய்மாமா. அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது.

ஏர் இந்தியாவின் தொடக்கமும் லோடு ஏற்றிய கதைதான். ஆள் இல்லை, தபால் மூட்டை! 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா ஒரு சின்ன ஒற்றை இன்ஜின் விமானத்தைக் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அங்கிருந்து தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். முதல் பயணத்திலேயே நம் சென்னைக்குப் பங்கு இருக்கிறது.

1946-ல் டாடா ஏர்லைன்ஸ், 'ஏர் இந்தியா' ஆனது. பெரிய மீசை, தலைப்பாகை, குனிந்து வணக்கம் சொல்லும் மகாராஜா பிறந்ததும் அதே ஆண்டில்தான். யோசனை பாபி கூகா, படம் வரைந்தவர் உமேஷ் ராவ். 1948 ஜூன் 8-ம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். சுதந்திரம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத நாடு!

1953-ல் அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியது. வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ். அத்துடன் எல்லாம் கெட்டுவிட்டது என்று பலர் சொல்வார்கள். உண்மை அப்படி இல்லை. அரசு நிறுவனம் ஆன பிறகும் தலைவராக ஜே.ஆர்.டி.யே 1978 வரை இருந்தார். 1960-ல் போயிங் 707 வந்தது. 1962-ல் முழுக்க ஜெட் விமானங்களையே இயக்கும் உலகின் முதல் நிறுவனம் என்ற பெயர் கிடைத்தது. ஜே.ஆர்.டி. பயணியாக ஏறினாலும் திரை அழுக்கு, காபி ருசி வரை குறித்துவைத்து அதிகாரிகளுக்கு எழுதி அனுப்புவாராம்.

இதைப் படித்துக் காட்டியபோது அப்பா சிரித்தார். "ஆர்.சி. புக்குல யாரு பேரு இருக்குதுங்கறது இல்ல விஷயம். தெனமும் வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கறது யாருங்கறதுதான்."

இனி மாமாவின் காரணம். 1990 ஆகஸ்ட் 2-ம் தேதி ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தது. மாமா அப்போது அங்கே டிரைவர். கையிலிருந்த தினார் வெறும் காகிதம் ஆனது. வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் தகவல் இல்லை. அம்மிச்சி ஆஞ்சநேயர் கோயிலுக்கு வடைமாலை வேண்டிக்கொண்டு, தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார்.

மாமா பஸ்ஸில் ஈராக்கைக் கடந்து, ஜோர்டான் எல்லையில் பாலைவனக் கூடாரத்தில் கிடந்து, ஒருவழியாக அம்மான் விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஏர் இந்தியா விமானம் நின்றது. "டிக்கெட்டக் கேக்கல. பேரக் கேட்டாங்க, ஊரக் கேட்டாங்க, ஏறுங்கன்னாங்க" என்று இப்போதும் சொல்வார். பம்பாயில் இறங்கி, ரயிலில் சேலம் வந்து, பஸ் பிடித்து ஒரு விடியற்காலையில் வாசலில் வந்து நின்றார். அம்மிச்சிக்கு அடையாளமே தெரியவில்லை.

அந்த இரண்டு மாதத்தில் 488 விமானப் பயணங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படி ஊர் திரும்பினார்கள். பயணிகள் விமானங்கள் செய்த மிகப்பெரிய மீட்பு என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவானது. மாமாவிடம் போய் 'ஏர் இந்தியா நட்டத்தில் ஓடுகிறது' என்று சொன்னால் அவருக்கு எப்படிக் காதில் ஏறும்?

ஆனால் நட்டம் உண்மைதான். 90-களில் உள்நாட்டில் தனியார் விமானங்கள் வந்தன. வெளிநாட்டுப் பயணிகளை வளைகுடா நிறுவனங்கள் இழுத்துக்கொண்டன. இந்த நிலையில் 2005-06-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 111 புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. பெரும்பகுதி கடன். அடுத்து 2007-ல் இரண்டு நிறுவனங்களையும் ஒன்றாக்கினார்கள்.

"அண்ணன் ஷெட்டுல டாடா வண்டி, தம்பி ஷெட்டுல லேலண்டு. ரெண்டு பேருக்கும் தனித்தனி மெக்கானிக்கு, தனித்தனி ஸ்பேரு, தனித்தனிச் சம்பளம். போர்டை மட்டும் ஒண்ணா மாட்டிட்டா லாபம் வந்துருமா?" என்று கேட்டார் அப்பா. ஏர் இந்தியாவில் அதிகம் போயிங், இந்தியன் ஏர்லைன்ஸில் அதிகம் ஏர்பஸ். விமானிகளின் சம்பளத்திலும் பதவி உயர்விலும் தகராறு வேறு. இணைப்புக்குப் பிறகு அந்த நிறுவனம் லாபத்தையே பார்க்கவில்லை. 2012-ல் 30,231 கோடி ரூபாய் தருவதாக அரசு திட்டம் போட்டும் கரை ஏறவில்லை.

இன்னொன்றும் உண்டு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சொந்தக்காரர்கள் 'அவசரமுங்க' என்று வண்டியை வாங்கிப்போய், டீசல் காசுகூடத் தராமல் திருப்பி விடுவதை லாரி வைத்திருக்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஏர் இந்தியாவுக்கும் அதே கதைதான். பெரிய தலைவர்களின் சிறப்பு விமானப் பயணங்களுக்கு அரசு தர வேண்டிய பாக்கி, 2019 நவம்பர் இறுதியில் 822 கோடி ரூபாய் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெளியே வந்தது. மக்களை மீட்கப் போன பயணங்களுக்கும் பாக்கி இருந்தது.

2018-ல் விற்கப் பார்த்தார்கள். ஒருவரும் கேட்டு வரவில்லை. 2021 ஆகஸ்டில் கடன் 61,562 கோடி. அந்த அக்டோபரில் டாடா குழுமம் 18,000 கோடிக்கு ஏலம் எடுத்தது. அதில் ரொக்கமாக அரசுக்கு வந்தது 2,700 கோடி மட்டும், மீதி கடனுக்கு ஏற்ற பொறுப்பு. 2022 ஜனவரி 27-ம் தேதி மகாராஜா பழைய வீட்டுக்கே போய்ச் சேர்ந்தார்.

அன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரிய வாக்குவாதம்.

"ஏனுங் மச்சான், நாளைக்கு எங்கியாச்சும் சண்டை வந்தா நம்ம புள்ளைகளக் கூட்டியார நமக்குன்னு ஒரு வண்டி வேண்டாமுங்களா?" என்றார் மாமா.

"வித்தது தப்பில்ல மாப்ளே. இத்தன கடன் ஏறற வரைக்கும் விக்காம வெச்சிருந்ததுதான் தப்பு" என்றார் அப்பா. அவர் சும்மா சொல்லவில்லை. லோடு குறைந்த ஒரு வருடத்தில், டியூ கழுத்தை நெரிக்கும் முன்னால் தன் வண்டியை விற்றவர். விற்ற அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அடுத்த மாதம் கடன் இல்லாமல் எழுந்தார்.

எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகப் பட்டது. ஒரு மாதத்திலேயே மாமாவின் கேள்விக்குப் பதில் வந்தது. உக்ரைனில் போர். நம் மாணவர்களை அழைத்துவரக் கைமாறிய ஏர் இந்தியா போனது. தனியாரான இண்டிகோ, ஸ்பைஸ்ஜெட் போயின. விமானப்படையும் போனது. டிவியில் அதைப் பார்த்த மாமா, "போறாங்களா? அப்பச் சரி" என்று மட்டும் சொன்னார். வண்டி அரசாங்கத்துடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கூப்பிட ஒரு அரசாங்கமும், அதற்கான காசை நாணயமாகக் கொடுக்கும் மனசும் இருந்தால் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக, கை மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2025 ஜூன் 12-ம் தேதி அகமதாபாத்தில் கிளம்பிய உடனே விழுந்த ஏர் இந்தியா விமானத்தில் 242 பேர் இருந்தார்கள். பிழைத்தவர் ஒருவர். அன்று திண்ணையில் யாரும் கணக்குப் பேசவில்லை.

நம் சேலம் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் விமான நிலையத்துக்கு 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, நின்றது. 2018-ல் ட்ரூஜெட் வந்தது, நின்றது. 2023 அக்டோபரில் இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் வந்தன. அலையன்ஸ் ஏர், ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக இருந்தது. டாடாவுக்கு விற்றபோது அதை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது.

கொச்சியில் இருக்கும் மகளைப் பார்க்க மாமா அதில் ஏறினார். 1990-க்குப் பிறகு அவருக்கு அதுதான் முதல் விமானம். இறங்கியதும் எனக்குப் போன் செய்தார்.

"கவர்ன்மென்ட் வண்டிதான் கண்ணு, விசாரிச்சுப்போட்டேன். சின்ன வண்டி, ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துது. ஆனா பாதி சீட்டு காலி. உங்கொப்பங்கிட்ட மட்டும் சொல்லீராத, உடனே கணக்குப் போட ஆரம்பிச்சுருவாரு."