மரக்காணத்து உப்பும் பந்தயக் குதிரையும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்வோர், சுமார் 120 கிலோமீட்டர் கடந்ததும் சாலையோரத்தில் வெள்ளை வெளேரென்ற குவியல்களைக் காண்பார்கள். வண்டியிலுள்ள குழந்தைகள் அவற்றைச் சர்க்கரை மலை என்று எண்ணிக் கைகொட்டி மகிழ்வதுண்டு. அவை சர்க்கரை அல்ல, மரக்காணத்து உப்பு.

கோதாவரிக் கரையோரம் தொடங்கி நெடுந்தூரம் வரும் பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே முடிவடையும் இடம் இதுவே. கால்வாய்க்கும் கழுவெளி ஏரிக்கும் கடலுக்கும் இடையே, கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. பருவமழை ஓய்ந்து தை, மாசி பிறந்ததும் வரப்புகளைச் செப்பனிட்டு, தரையை மிதித்து இறுக்கி, உப்புநீரைப் பாய்ச்சுகிறார்கள். கோடைக்காலம் முழுவதும் வேலை நடக்கிறது. ஐப்பசி மழை வந்ததும் நின்றுவிடுகிறது. கடல்நீரின் செறிவு மானியில் சுமார் மூன்று டிகிரி காட்டும். பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலிலும் காற்றிலும் வற்றி, பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, 25 டிகிரியை எட்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும். ஆனால் மானியைக் கையில் எடுக்கும் முன்பே, நீரின் நிறத்தையும் அதன் மேல் படரும் ஏட்டையும் பார்த்துப் பக்குவம் சொல்லிவிடுவார்கள் பழகிய தொழிலாளர்கள்.

இவ்வூர் இன்று நேற்று தோன்றியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கிய பூமீஸ்வரர் கோயில் இங்கே இருக்கிறது. நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினமும், கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் நூலில் வரும் சோபட்மா துறைமுகமும் மரக்காணத்தைச் சார்ந்தவையே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. வடக்கே சிறிது தூரத்தில், கடப்பாக்கத்தருகே ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750-ல் டூப்ளே துரையின் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது.

இப்படிப்பட்ட பழைய துறைமுகங்களைக் காணும்போது, தமிழ்நாட்டுக் கரையில் என்னென்ன சரக்குகள் வந்து இறங்கின என்ற எண்ணம் எழுவது இயல்பு. அவற்றுள் மிக விலை உயர்ந்த சரக்கு ஒன்று நான்கு காலால் நடந்து இறங்கியது. அதுதான் குதிரை. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியாகக் குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டிய நாட்டுக் காயல் துறைக்கு அரபு, பாரசீக நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்தன. பாரசீகச் சரித்திர ஆசிரியர் வஸ்ஸாப், ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் என்றும், ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தினார் விலை என்றும் கணக்குச் சொல்கிறார்.

அவ்வளவு பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரைகள் என்னவாயின? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ ஒரு வருத்தமான செய்தியை எழுதிவைத்திருக்கிறார். அரசன் வாங்கும் குதிரைகள் இரண்டாயிரத்துக்கு மேல். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். குதிரை வைத்தியமும் லாடமும் அறிந்தவர்கள் இங்கே இல்லை; அத்தகையோர் இங்கு வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்கிறார். குதிரை செத்தால்தானே மறுபடியும் வியாபாரம் நடக்கும்! வஸ்ஸாப் இன்னும் நுட்பமாக ஒன்றைக் கூறுகிறார். வந்த குதிரைகளை நாற்பது நாள் லாயத்தில் கயிற்றாலும் முளையாலும் கட்டிப்போட்டு, வறுத்த தானியமும் வெண்ணெயும் கொடுத்துக் கொழுக்க வைத்தார்கள். பிறகு பயிற்சி ஏதுமின்றி ஒரேயடியாக ஏறி விரட்டினார்கள் என்கிறார். அந்நிய ஆசிரியர்கள் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். ஆயினும் நோயின் காரணத்தை வஸ்ஸாப் சரியாகவே கண்டுவிட்டார் என்று இன்றைய கால்நடை வைத்தியர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஊர் எல்லையில் ஐயனாருக்காக நிறுத்திய மண் குதிரை எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கும். உயிருள்ள குதிரையால் அப்படி நிற்க முடியாது. அது நாளெல்லாம் மேய்ந்தபடி மெல்ல நடந்துகொண்டே இருப்பதற்காகப் படைக்கப்பட்ட பிராணி. ஒவ்வோர் அடியிலும் குளம்பு தரையில் அழுந்தி விரிவதால் காலின் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. நடை நின்றால் கால் வீங்கும். குடல் மந்தப்பட்டு வயிற்றுவலி வரும். ஓய்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு முப்பது, நாற்பது முறை துடிக்கும் அதன் இருதயம், முழு ஓட்டத்தில் இருநூறுக்கும் மேல் துடிக்கிறது. மண்ணீரல் சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்கள் அந்நேரத்தில் இரத்தத்தில் வந்து கலக்கின்றன. இத்தகைய உடம்பைப் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும். உப்பளத்தில் நீர் நின்றால் உப்பு விளையும். லாயத்தில் குதிரை நின்றால் நோய் விளையும்.

இந்தக் காரணத்தால்தான் பந்தயக் குதிரைகளைப் பழக்குவது தனியொரு சாஸ்திரமாக வளர்ந்தது. சென்னைக் கிண்டியில் 1777-லேயே குதிரைப் பந்தயம் நடந்திருக்கிறது. 1896-ல் அதற்கென்று சங்கமும் ஏற்பட்டது. பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம், இது திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. 2024-ல் அரசு கிண்டி மைதானத்தின் சுமார் 160 ஏக்கர் நிலக் குத்தகையை ரத்துச் செய்தது. பந்தயத்தில் பணம் கட்டுவதால் குடும்பங்கள் கெடுவதை நாம் அறிவோம். அந்த வழக்கத்துக்காக இங்கே பரிந்து பேச வரவில்லை. ஆனால் பணம் கட்டுபவன் மனிதன்; குதிரை அன்று. எந்தச் சட்டம் வந்தாலும் போனாலும், கட்டுத்தறியில் நிற்கும் குதிரையை நாள்தோறும் நடத்தியாக வேண்டும்.

நகரங்களில் நிலம் சுருங்க, வேலைக்கு ஆளும் அரிதாக, அந்த நடையை யந்திரத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. இந்தியப் பண்ணைகளிலும் அது நுழைந்துவிட்டது. அதில் எளியது நடை யந்திரம். வட்டமான பாதை, நடுவில் மோட்டார், அதிலிருந்து ஆரக்கால்கள் போல் நீளும் கைகளில் தடுப்புகள் தொங்கும். தடுப்புக்கு ஒன்றாக ஐந்தாறு குதிரைகளை விட்டு விசையை முடுக்கினால், தடுப்புகள் மெல்ல நகர, குதிரைகளும் நடக்கும். நம் நாட்டில் காளை செக்கைச் சுற்றியது. இங்கே செக்கு குதிரையைச் சுற்றவைக்கிறது!

அடுத்தது ஓடும் பட்டை யந்திரம். பட்டை பின்னோக்கி ஓட, அதன் மேல் குதிரை நின்ற இடத்திலேயே ஓடும். 1960-களில் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் இதைக் கொண்டு குதிரையின் இருதயத்தையும் இரத்தத்தையும் அளந்து ஆராய்ந்தார்கள். பெரிய யந்திரங்கள் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும். மலையேறுவதுபோல் சாய்க்கவும் செய்யலாம். ஓட்டத்தின் நடுவில் மூச்சுக்குழலைப் பார்க்கவும், ஒரு துளி இரத்தம் எடுக்கவும், இருதயத் துடிப்பை எண்ணவும் இது பேருதவி புரிந்தது. பட்டையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தால், நீர் உடலைத் தாங்குவதால், அடிபட்ட கால் தேறிவரும் குதிரையும் வலியின்றி நடக்கலாம். கடலில் உள்ள உப்பையும் மக்னீஷியத்தையும் குளிர்ந்த நீரில் கரைத்து, அதில் குதிரையின் கால்களை ஊறவைக்கும் சிகிச்சையும் உண்டு.

இத்தனை வசதி இருக்கும்போது மைதானம் எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடை எலும்பில் இருக்கிறது. எலும்பு தான் தாங்கும் பாரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்றபடிதான் உறுதிப்படும். பட்டையின் மேல் ஓடும் குதிரைக்குப் பெரும்பாலும் முதுகில் சவாரிக்காரனின் எடை இல்லை. தரையில் மேடு பள்ளம் இல்லை. வளைவில் திரும்பும் இழுப்பும் இல்லை. இருதயமும் நுரையீரலும் பந்தயத்துக்குத் தயாராகிவிடும். கால் எலும்பு தயாராகியிருக்காது. மெதுவான நீண்ட நடை மட்டுமே பழகிய இளங்குதிரையை ஒருநாள் திடீரென்று முழு வேகத்தில் விட்டால், முன்கால் எலும்பில் வலியும் கீறலும் காண்பது பந்தய உலகில் பழைய கதை. வஸ்ஸாப் சொன்ன நாற்பது நாள் பிழையே இது, புதிய வேஷத்தில்.

நல்ல தரை எத்தகைய வேலை செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் உண்டு. ரெட் ரம் என்ற குதிரைக்குக் குளம்பெலும்பில் நோய் இருந்தது. அதன் பயிற்சியாளர் அதை சவுத்போர்ட் கடற்கரை மணலில் ஓடவிட்டு, கடல்நீரில் நடத்திப் பழக்கினார். அந்தக் குதிரை 1973, 1974, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் வென்றது. அங்கே மணலும் அலையுமே யந்திரங்கள்.

இனி உப்புக்கு வருவோம். யந்திரத்தில் ஓடும் குதிரைக்கு எதிர்க்காற்று கிடையாது. பெரிய விசிறி வைக்காவிட்டால் உடம்பு கொதித்துவிடும். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் வியர்வையும் எளிதில் உலர்வதில்லை. கடும் வெயிலில் உழைக்கும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வை சிந்தக்கூடும். மனித வியர்வையைவிட அதில் உப்பு அதிகம். 10 லிட்டர் வியர்வையோடு 70, 80 கிராம் உப்பு போய்விடும். சும்மா நிற்கும் குதிரைக்கே நாளொன்றுக்கு 25 கிராம் உப்பு வேண்டும். ஏறக்குறைய ஒரு லிட்டர் கடல்நீரில் உள்ள சாப்பாட்டு உப்பின் அளவு அது. புல்லிலும் கொள்ளிலும் அது போதிய அளவு கிடைப்பதில்லை. உப்பு குறைந்தால் தாகமும் குறைந்துவிடும். உடம்பில் நீர் வற்றியிருந்தும் குதிரை தண்ணீரைத் தொடாது. மரக்காணத்துப் பாத்தியில் வெயிலில் நிற்பவர் வாரிக் குவிக்கும் அந்தச் சாமானியப் பொருள் இல்லாவிட்டால், விலை உயர்ந்த யந்திரமெல்லாம் வீண். 1930-ல் உப்பு வரியை எதிர்த்து நம்மவர்கள் வேதாரணியத்துக்கு நடந்த நாட்களில், இவ்வரி வாயில்லாப் பிராணிகளையும் வாட்டுகிறது என்ற வாதமும் எழுந்தது. அதன் நியாயம் இப்போது விளங்குகிறது அல்லவா?

ஆகவே யந்திரம் வேண்டுமா, வேண்டாமா? உப்பளத்தைப் பார்த்தே இதற்கு விடை கூறலாம். முன்னாளில் ஏற்றம் மிதித்து இறைத்த நீரை இப்போது எஞ்சின் இறைக்கிறது. அதனால் ஒரு மனிதனின் முதுகு தப்பியது. அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் நீர் பக்குவமாயிற்றா என்று பார்க்கும் கண்ணை எஞ்சின் தரவில்லை. யந்திரங்களைப் பற்றிக் கடுமையாக எழுதிய மகாத்மா காந்தியே தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார். ஒரு மனிதனின் அன்பில் பிறந்து, உழைப்பவரின் சிரமத்தைக் குறைப்பது அது என்பதே காரணம். அந்த அளவுகோல் இங்கும் பொருந்தும். விடியற்காலையில் ஐந்து குதிரைகளை நடத்திக் களைக்கும் குதிரைக்காரரின் காலுக்கு யந்திரம் ஓய்வு தரட்டும். மிஞ்சிய நேரத்தில் அவர் ஒவ்வொரு குதிரையின் குளம்பைத் தொட்டுச் சூடு பார்க்கட்டும். தீனி மிச்சமா, நடையில் நொண்டலா என்று கவனிக்கட்டும். அதற்குப் பதிலாக அவரையே வேலையைவிட்டு நிறுத்திவிட்டால், காயலில் நடந்ததுதான் இங்கும் நடக்கும்: குதிரை இருக்கும், குதிரையை அறிந்தவர் இருக்கமாட்டார்.

இது பந்தய முதலாளிகளுக்கு மட்டும் உரிய விஷயமும் அன்று. மெரீனா முதலிய கடற்கரைகளில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வாடகைக் குதிரைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றுக்கு நடை யந்திரம் தேவையில்லை. நடை வேண்டிய மட்டும் இருக்கிறது. தேவைப்படுவன நிழலும் ஓய்வும் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பிடி உப்புமே. அடுத்த முறை குழந்தையைச் சவாரிக்கு ஏற்றும் முன், அந்த வாளி அங்கே இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பவர் பலரானால், வாளி தானாக வந்துவிடும்.