புயல் கண்ட கரையில் ஒரு நம்பிக்கை

இராமேசுவரம் என்றதும் நமக்கு நினைவு வருவது இராமநாத சுவாமி கோயிலும், நீண்ட பிராகாரமும், 22 தீர்த்தங்களும்தான். தீர்த்தமாடி, சுவாமி தரிசனம் செய்து, குழந்தைகளுக்குச் சங்கும் சோழி மாலையும் வாங்கிக்கொண்டு ரயிலேறி விடுகிறோம். அதே தீவிலே, வலையையும் படகையும் நம்பிப் பிழைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏராளம். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கடலைப் பார்த்தபடி அவர்களுடைய கோயில்கள் நிற்கின்றன. இந்த முறை நான் போனது அவர்களைப் பார்க்கத்தான்.

என்னை அழைத்துப் போனவர் எங்கள் அடுத்த வீட்டு டீச்சரம்மா. பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையில் துணிமணியோடு பழைய பைபிள் ஒன்றும் எப்போதும் இருக்கும். "கஷ்ட காலத்துல வேதம் மனுஷனுக்கு எப்படிக் கைகொடுக்குதுன்னு புத்தகத்துல படிச்சாப் போதாது. கடலுக்குப் புருஷனை அனுப்பிட்டு உட்கார்ந்திருக்கிற பொம்பளைகளைக் கேட்கணும். வர்றீங்களா?" என்றார். மூன்று நாள் பிரயாணம். கேட்ட சமாசாரங்களை நம் வாசக சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

செம்மண் பூமி

முதலில் போனது ஓரியூர். இராமநாதபுரம் மாவட்டத்தில் திருவாடானைப் பக்கம் உள்ள சிற்றூர். சுற்றிலும் கருவேல மரங்கள். நடுவில் புனித அருளானந்தர் திருத்தலம். லிஸ்பனில் 1647-ல் பிறந்து, ஜான் டி பிரிட்டோ என்ற பெயரோடு மறவர் சீமைக்கு வந்து, காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழ் பேசி வாழ்ந்தவர் அருளானந்தர். 1693 பிப்ரவரி 4-ந் தேதி இந்த ஊரில் அவரை வெட்டிக் கொன்றார்கள். 1947-ல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

இங்கே ஓரிடத்தில் மண் சிவப்பாக இருக்கிறது. அவருடைய ரத்தம் சிந்தியதால் சிவந்தது என்பது ஜனங்களின் நம்பிக்கை. கிறிஸ்தவர், இந்து என்ற பேதமில்லாமல் ஒரு சிட்டிகை மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போகிறார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையின் நெற்றியில் ஒரு இளம் தாய் அதைப் பூசி, கண்ணை மூடி நின்றாள்.

டீச்சரம்மா சொன்ன செய்தி ஒன்று என் மனதில் பதிந்துவிட்டது. சாவதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து அருளானந்தர் தம் தோழர்களுக்குக் கடிதம் எழுதினாராம். மை கிடையாது, கரியைத்தான் மையாக்கிக் கொண்டார். "அடுப்புக்கரி மாதிரி ஒண்ணுதான். நம்ம கையில தினம் ஒட்டுற கரி. அதை வெச்சும் மனுஷன் தைரியத்தை எழுதி அனுப்பலாம், பாருங்க" என்றார்.

வேதாளையும் ஒரு ஜெபப் புத்தகமும்

மறுநாள் இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில் வேதாளையைக் கடந்தோம். பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பியும் பார்க்காத ஊர். அந்தோனி கிரிமினாலி என்ற இத்தாலிய பாதிரியார் 1549-ல் இங்கே கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் வேதசாட்சி அவர்தான்.

அவருக்குப் பிறகு இந்தக் கரைப் பொறுப்பை ஏற்றவர் என்றிக்கே என்றிக்கஸ். தோழரைப் பறிகொடுத்த கரையை விட்டு ஓடவில்லை. உட்கார்ந்து தமிழ் படித்தார். 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற ஜெபப் புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுதான். ஒரு பெரிய துக்கத்துக்குப் பிறகு ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை, நம் மொழிக்கே லாபமாக முடிந்திருக்கிறது!

சிறையும் ஒரு அம்மாவின் வீடும்

பாம்பன் கடலை ரயில் தாண்டிய பழைய பாலம் 1914-ல் திறந்தது. அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்திருக்கிறது. நாங்கள் பக்கத்திலுள்ள சாலைப் பாலத்தில் பஸ்ஸில் போனோம். கீழே நாட்டுப் படகுகள் பொம்மை போலத் தெரிந்தன.

தங்கச்சிமடத்தில் மாலை ஜெபம் முடிந்து பெண்கள் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லை தாண்டினார்கள் என்று நம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப் போவதைப் பத்திரிகையில் படிக்கிறோம். இங்கே அது பத்திரிகைச் செய்தி அல்ல. அடுத்த வேளைச் சாப்பாட்டின் கேள்வி. படகும் போய், சம்பாதிப்பவரும் அக்கரைச் சிறையில் இருந்தால், வீட்டுக்காரி என்ன செய்வாள்? நண்டு உடைக்கிறாள், கருவாடு போடுகிறாள், நகையை அடகு வைக்கிறாள்.

அப்படிச் சில மாதம் தவித்த ஒரு பெண்ணிடம், "வேதத்துல எந்தக் கதை உங்களுக்கு ஆறுதலா இருந்துச்சு?" என்று டீச்சரம்மா கேட்டார். பேதுரு சிறையிலிருந்து வந்த கதை என்று சட்டென்று பதில் வந்தது. நள்ளிரவில் சங்கிலி கழன்று, கதவு தானே திறந்து, பேதுரு வெளியே வந்தாராம்.

ஆனால் அந்தப் பெண் அதோடு நிறுத்தவில்லை. "அதே அதிகாரத்துலதாக்கா, அதுக்கு முன்னாடி யாக்கோபை வாளால வெட்டிட்டாகன்னு இருக்கு. ஒருத்தர் திரும்பி வந்தாக, ஒருத்தர் வரலை. வேதம் ரெண்டையும் மறைக்காமச் சொல்லுது. அதனாலதான் எனக்கு நம்ப முடிஞ்சுச்சு" என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். எல்லாம் நல்லபடியாக முடியும் என்று பூசி மெழுகியிருந்தால், அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது!

டீச்சரம்மா மேலும் ஒன்றை எடுத்துக் காட்டினார். வெளியே வந்த பேதுரு நேரே போனது மரியாள் என்ற ஒரு அம்மாவின் வீட்டுக்கு. அங்கேதான் பலபேர் கூடி அவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். சிறைக்கு உள்ளே ஒரு ஆள் என்றால், வெளியே கதவைத் திறந்து வைத்திருக்கும் ஒரு வீடும் வேண்டும். அந்தப் பெண்ணின் வீட்டில் அரிசி தீர்ந்தபோது அக்கம்பக்கத்தார்தான் அளந்து கொடுத்தார்களாம்.

1964-ன் இரவு

மூன்றாம் நாள் தனுஷ்கோடி. ஒரு காலத்தில் ரயில் நிலையம், தபாலாபீஸ், தலைமன்னாருக்குக் கப்பல் என்று ஜேஜே என்று இருந்த துறைமுகம். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயலும், எழும்பிய கடலும் விடிவதற்குள் ஊரைத் துடைத்துவிட்டன. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும் சமயத்தில் அலையில் மூழ்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் எவரும் பிழைக்கவில்லை. பிறகு, குடியிருக்க லாயக்கற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

இன்று மணலிலே மிஞ்சி நிற்பவற்றில் ஒன்று கிறிஸ்தவக் கோயில். பவளப்பாறைக் கற்களால் கட்டிய சுவர்கள். கூரை இல்லை, பீடம் இருந்த இடத்துக்கு மேலே ஆகாயம்தான். காற்று உள்ளே புகுந்து வெளியே போகிறது.

அருகில் ஓலைக் கொட்டகை போட்டுச் சங்கு விற்கும் பாட்டி ஒருவர். புயல் அடித்தபோது சிறுமியாம். கூடப் பிறந்த ஒருவரைக் கடல் கொண்டு போயிற்று. அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு நா எழவில்லை. டீச்சரம்மாதான் மெதுவாகக் கேட்டார்: "பாட்டி, சாமி காத்தையும் கடலையும் அதட்டி அமத்துனாருன்னு வேதத்துல இருக்கே. அன்னிக்கு ராத்திரி நீங்களும் ஜெபம் பண்ணியிருப்பீங்களே?"

பாட்டி கோபப்படவில்லை. சங்கைத் துடைத்தபடியே சொன்னார்: "பண்ணுனோம் தாயி. அன்னிக்கு அமத்தலே. ஏன்னு நான் மேல போய்த்தான் கேட்கணும். ஆனா விடிஞ்சப்புறம் யாரோ அடுப்பு மூட்டி எங்களுக்குக் கஞ்சி ஊத்துனாக. யாருன்னு இன்னைக்கும் தெரியாது. அதுவும் வேதத்துல இருக்கு. படிச்சுப் பாருங்க."

டீச்சரம்மா அந்த இடிந்த சுவரின் நிழலில் உட்கார்ந்து பைபிளைப் பிரித்தார். அப்போஸ்தலர் நடபடிகளில் 27-ம் அதிகாரம். பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கப்பலில் போகிறார். கப்பலில் 276 பேர். புயல் பிடித்துக்கொள்கிறது. சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. பதினாலாம் நாள் இரவு, பாறையில் மோதிவிடுமோ என்ற பயத்தில் நாலு நங்கூரங்களைப் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்கள். அப்போது பவுல் என்ன செய்கிறார் தெரியுமா? எல்லோரையும் சாப்பிடச் சொல்கிறார்! இத்தனை நாள் சரியாக உண்ணவில்லையே, உயிர் பிழைக்க ஆகாரம் வேண்டாமா என்று கேட்டு, அப்பத்தை எடுத்து நன்றி சொல்லி, எல்லோர் முன்னாலும் பிட்டுத் தாமே முதலில் சாப்பிடுகிறார். மற்றவர்களுக்கும் தைரியம் வந்து சாப்பிடுகிறார்கள்.

கப்பல் உடைந்தே போயிற்று. ஆனால் நீந்தியும், பலகைகளைப் பிடித்துக்கொண்டும் 276 பேரும் கரை சேர்ந்தார்கள். அது மெலித்தா தீவு. மழையும் குளிருமாக இருந்தபடியால் அந்தத் தீவுக்காரர்கள் நெருப்பு மூட்டி, முன்பின் தெரியாத அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்னொரு கதையையும் சொன்னார். இயேசு இறந்து உயிர்த்த பிறகு, சீடர்கள் இரவெல்லாம் வலை வீசி ஒரு மீனும் படாமல் திரும்புகிறார்கள். விடியற்காலையில் அவர்களுக்காகக் கரையில் காத்திருந்தது பிரசங்கமா? இல்லை. கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். வந்து சாப்பிடுங்கள் என்று அவரே கூப்பிடுகிறார்.

சகோதரிகளே, எனக்குச் சட்டென்று ஒன்று விளங்கிற்று. புயலே வராது என்று இந்த வேதம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. புயலுக்கு நடுவிலும் புயலுக்குப் பின்னும் ஓர் அடுப்பு எரியும், ஒரு கை உணவு நீட்டும் என்றுதான் சொல்கிறது. அந்தக் கை பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களின் கைதான்!

அக்கரைக்கும் இக்கரைக்கும்

அரிச்சல்முனையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் கடல். 2022 மார்ச்சில், இலங்கையில் விலைவாசி தாங்காமல் கைக்குழந்தைகளோடு படகேறிய தமிழ்க் குடும்பங்களை இந்த முனைக்கு அப்பாலுள்ள மணல் திட்டிலே இறக்கிவிட்டுப் போனார்கள். நம் கடலோரக் காவல் படையினர் மீட்டு வந்தார்கள். பிறகு மண்டபம் முகாமில் இடம் கிடைத்தது. மெலித்தா தீவின் கதை வேறெங்கும் இல்லை, இங்கேதான் என்று தோன்றியது.

இந்தக் கடலிலேதான் கச்சத்தீவும் இருக்கிறது. 285 ஏக்கர் நிலம்; குடியிருப்பு இல்லை; இருப்பது புனித அந்தோணியார் கோயில். ஆண்டுக்கொரு முறை திருவிழாவில் இரு நாட்டுத் தமிழரும் அங்கே கூடிச் சிலுவைப் பாதை நடந்து, பூசை காண்பார்கள். போர்க் காலத்தில் தடைப்பட்டு, 2010-ல் மீண்டும் தொடங்கியது. சிறையிலிருக்கும் மீனவர்களுக்காக 2024-ல் இக்கரை ஜனங்கள் போகாமலே இருந்தார்கள். 2025-ல் மறுபடி படகேறினார்கள். நம்பிக்கை என்றால் எல்லாவற்றையும் பொறுத்துப் போவது அல்ல, சில சமயம் மறுத்து நிற்பதும்தான் என்று தங்கச்சிமடத்துப் பெண்கள் சொன்னார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தது

நம் வீடுகளிலும் புயல் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல், கணவருக்கு வேலை போனது, பெரியவர் படுக்கையில் விழுந்தது. அப்போது நாம் முதலில் நிறுத்துவது நம் சாப்பாட்டை! ஆஸ்பத்திரி வராந்தாவில் வெறும் காப்பியோடு இரண்டு நாள் ஓட்டுகிறோம். பால் கொடுக்கும் தாய்கூட அப்படித்தான். பவுலின் கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். விடியும்வரை தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். இரண்டு இட்லியானாலும் சாப்பிட்டுவிட்டு அழலாம், தப்பில்லை. அடுத்த வீட்டில் புயல் என்றால், ஆறுதல் வார்த்தை தேடிக்கொண்டு நிற்காமல் ஒரு பாத்திரம் ரசம் சாதம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஓரியூருக்குத் தனியாக ஒருநாள் ஒதுக்குங்கள். தனுஷ்கோடிக்கு வெயில் ஏறுமுன் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். 2017-லிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. நிழல் கிடையாது, குழந்தைகளுக்குத் தொப்பி, நிறையக் குடிதண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு அவசியம். முனையில் நீரோட்டம் பொல்லாதது. குழந்தைகளை அலையில் இறக்க வேண்டாம். இடிந்த கோயிலில் செருப்பைக் கழற்றி, சுவரில் பெயர் கிறுக்காமல் வாருங்கள். அங்குள்ள கொட்டகைகளில் காலையில் பிடித்த மீனைச் சுடச்சுடப் பொரித்துத் தருகிறார்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள், அந்தக் காசில் ஒரு வீட்டு அடுப்பு எரியும்.