இணைப்புக் கம்பி

போக்கிமான் விளையாட்டைக் கையிலெடுக்கும்போதெல்லாம் அதைப் படைத்த சத்தோஷி தாஜிரியை நினைத்துக்கொள்வேன். ஜப்பானின் மச்சிதா நகரில் பூச்சிகளைத் தேடித் திரிந்த சிறுவர் அவர். வயல்களும் குளங்களும் கட்டடங்களாக மாறின. இழந்த அவ்வின்பத்தை, ஆறாண்டு உழைப்பில், 1996இல் 'கேம் பாய்' கருவிக்குள் மீட்டார்.

சிவப்பு, பச்சை என இரு பதிப்புகள். சில உயிரிகள் ஒன்றில் மட்டுமே கிடைக்கும். வேறு சில, கைம்மாறினால்தான் அடுத்த நிலைக்கு வளரும். ஆகவே, இரு கருவிகளைக் கம்பியால் இணைத்து, நண்பரிடம் கொடுத்துப் பெறவேண்டும். சேர்ப்பதையே நோக்கமாகக் கொண்ட விளையாட்டில், கொடாதவர்க்கு நிறைவில்லை என விதி வகுத்தாரே! அருகருகே அமர்ந்தும் தத்தம் திரைக்குள் தனித்திருக்கும் நம்மை எண்ணுகையில், அச்சிறு கம்பியின் அருமை எனக்குப் புரிகிறது.