சின்ன வார்த்தை, பெரிய தலைவலி

மக்களே, ஒரு கேள்வி. 'புட்' என்றால் வை. 'அப்' என்றால் மேலே. 'வித்' என்றால் கூட. அப்போ 'புட் அப் வித்' என்றால்? "கூட மேலே வை"யா? இல்லை, "பொறுத்துக்கொள்"! இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நமக்கு இது உறுத்துவதே இல்லை. ஃப்ரேசல் வெர்ப் என்று ஒரு பாடம், 5 மார்க், முடிஞ்சுது.

ஸ்பானிஷ் பேசுறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று இந்த செமஸ்டரில்தான் பார்த்தேன். ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டில் என்கூட வேலை செய்யும் பையன் கொலம்பியாக்காரன். அவனும் ஃபைனல் இயர்தான். கோடிங்கில் கில்லி. ஒரு மீட்டிங்கில் "டெமோ கால்டு ஆஃப்" என்று அறிவித்தார்கள். அவன் காதில் 'கால்' மட்டும்தான் விழுந்தது. மறுநாள் காலை 9 மணியிலிருந்து ஃபோன் வரும் என்று காத்திருந்தான். டெமோவே ரத்து! அடுத்த மாதம் அவனுக்கு இங்கிலீஷில் வேலை இன்டர்வியூ. பயந்துட்டான். வாரம் ஒருநாள், நமக்கு இரவு 8:30, அவனுக்குக் காலை 10 மணி, உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம்.

முதலில் புரிந்தது: ஸ்பானிஷில் திசை வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கு. உள்ளே போக 'என்ட்ரார்', வெளியே போக 'சலீர்', மேலே போக 'சுபீர்'. நம்ம 'நுழை', 'ஏறு', 'இறங்கு' மாதிரி. இங்கிலீஷோ ஒரே 'கோ'வை வைத்துக்கொண்டு பின்னாடி 'இன்', 'அவுட்', 'அப்' என்று மாட்டுது. அதோட 'டாலரேட்', 'போஸ்ட்போன்' எல்லாம் லத்தீன் வழிச் சொற்கள். அவனுக்கு அவை 'தொலெரார்', 'போஸ்போனெர்' என்று வீட்டுச் சொற்கள். அதனால் 'புட் ஆஃப்' வர வேண்டிய இடத்தில் 'போஸ்ட்போன்' வருது. கேட்பவருக்கு பந்தா மாதிரி தெரியும். அவனுக்கு அதுதான் ஈஸி.

லிஸ்ட் போட்டு மனப்பாடம் செய்தான், தீரவில்லை. ஏன்னா பாதிப் பிரச்சினை காதில் இருந்தது. வேகமாகப் பேசும்போது 'பிக் இட் அப்' என்பது 'பி-கி-டப்' ஆகிடும். அதை எந்த டிக்‌ஷனரியில் தேடுவது? வாக்கியம் அங்கே முடிந்தால் அழுத்தமும் அந்தக் கடைசி 'அப்'பில்தான் விழும். இவன் 'பிக்'கை அழுத்தி 'அப்'பை விழுங்கிட்டிருந்தான்.

'டர்ண்டு' மாதிரி கடைசியில் மெய்யெழுத்துகள் முட்டி நின்றால் அவன் நாக்கு 'டர்னெட்' என்று ஒரு உயிரைச் சேர்த்துக்கொள்ளும். அந்த 'டு'வை அடுத்த சொல்லுக்குத் தள்ளினால்? 'டர்ன்-டாஃப்'. 'கால்-டாஃப்'. சுலபம்! அவனுக்கு இது புதுசும் இல்லை. 'லொஸ் ஓத்ரொஸ்' என்பதை ஸ்பானிஷில் 'லொ-ஸோ-த்ரொஸ்' என்றுதான் சேர்த்துச் சொல்வார்கள். இதைச் சொன்னதும் சிரிச்சுட்டான்.

இன்னொரு விஷயம், 'டர்ன் ஆஃப்', 'பிக் அப்' மாதிரி பிரியும் ஜோடிகளில் 'இட்' நடுவில்தான் உட்காரும். 'டர்ன் இட் ஆஃப்' சரி, 'டர்ன் ஆஃப் இட்' தப்பு. அதையும் ஒரே சொல்லாக, 'டர்-னி-டாஃப்' என்று வாயில் பழக்கினான்.

இன்டர்வியூ முடிஞ்சுது. ரிசல்ட் இன்னும் வரல. ஆனால் கேள்விகள் எல்லாமே புரிந்ததாம்.

நாளைக்கு நீங்களும் இப்படி ஒரு டீமில் இருப்பீங்க. எதிரில் இருப்பவர் புத்தகம் மாதிரிப் பேசினால் சிரிக்காதீங்க. முக்கியமான செய்தி என்றால் 'கால்டு ஆஃப்' என்று விட்டுவிடாமல், கூடவே 'கேன்சல்' என்றும் சொல்லுங்க. ஸ்பானிஷில் அது 'கான்செலார்'. உடனே புரிஞ்சுடும்.