வாக்கும் ஸ்தானமும்
கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தேர்தல் சரித்திரத்தைப் படிக்குந்தோறும் என் மனம் சஞ்சலமடைகிறது. 1996-இல் லிபரல் கட்சியைவிடக் குறைந்த வாக்குகள் பெற்ற புதிய ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மை ஸ்தானங்களோடு ஆட்சி அமைத்தது. 2001-இலோ, ஏறக்குறைய 58 சதவிகித வாக்குகள் பெற்ற லிபரல் கட்சி 79 ஸ்தானங்களில் 77-ஐ அடைய, ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வாக்காளர்களின் அபிமானம் பெற்ற புதிய ஜனநாயகக் கட்சிக்கு இரண்டே மிஞ்சின. இந்த அநீதியைக் களையச் சாதாரணப் பிரஜைகளின் சபையொன்று சிபாரிசு செய்த, வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் வாக்கு முறையை, 2005 பொதுவாக்கெடுப்பில் 57 சதவிகிதத்துக்கும் மேலானோர் ஆதரித்தும், அறுபது வேண்டுமென்ற நிபந்தனையால் அது வீழ்ந்தது. அந்த நிபந்தனை நியாயமானதன்று. பின்னர் 2009-லும் 2018-லும் மக்களே மாற்றத்தை நிராகரித்தனர். அத்தீர்ப்பை மதித்தே சொல்கிறேன்: அம்மாகாணத்தில் வாழும் நண்பர்களே, தேர்தல் முறையை மாற்றும் கோரிக்கையைக் கைவிடாதீர்கள்.