அடிச்சேறு

குறுக்கே அறுத்து வழவழப்பாக்கிய அந்தக் கறுப்புக் கல்லின் நடுவில் ஒரு சுறாப்பல் இருந்தது. ஏதோ ஓர் அறிவியல் கண்காட்சி. எந்த ஊரில் என்பது மறந்துவிட்டது. அறுக்காத கல் ஒன்றும் பக்கத்தில் கிடந்தது, மண் போகாத சேப்பங்கிழங்கு மாதிரி. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். பல்லைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடலடியில் விழுந்த பல்லையோ எலும்புத் துண்டையோ சுற்றி உலோகம் படிந்து படிந்து, பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்று வளருகிற கல் அது. சுறா பிடிப்பதில் பேர்பெற்ற தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரனுக்கு உலோகத்தைவிடப் பல்தான் முதலில் கண்ணில் பட்டது.

பெரியப்பா அந்தக் கல்லைப் பார்த்ததில்லை. ஆனால் கடலடியைக் கையால் பார்த்தவர். ஈயக்குண்டின் அடியில் சவுக்காரம் அப்பிக் கயிற்றில் இறக்குவார். தரை தட்டியதும் மேலே இழுத்து, ஒட்டியிருப்பதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உரசுவார். குறுமணல், சிப்பித்தூள், வழுக்கும் சேறு. சில நேரம் முகர்ந்தும் பார்ப்பார். அதன்பிறகுதான் தூண்டிலைத் தொடுவார்.

1872இல் இங்கிலாந்திலிருந்து உலகம் சுற்றப் புறப்பட்ட ‘சேலஞ்சர்’ கப்பல்காரர்களும் கயிறு இறக்கித்தான் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே அட்லாண்டிக்கின் அடியிலிருந்து இந்தக் கல் மேலே வந்துவிட்டது. பெரியப்பாவுடையதைவிட அவர்கள் கயிறு நீளம், அவ்வளவுதான்.

நம் கைக்கு அது வந்தது 1981 ஜனவரி 26. கோவாவின் தேசியக் கடலாய்வியல் நிறுவனம் ‘கவேஷணி’ என்ற கப்பலில் போய் எடுத்தது. குடியரசு நாளும் அதுவுமாக. சமூக அறிவியல் வாத்தியார் அதைச் சொல்லும்போது கொடியேற்றியவர் போலவே நிமிர்ந்து நின்றார். 1987இல், இந்தக் கல்லைத் தேட முன்னோடி முதலீட்டாளர் என்று பதிவுபெற்ற முதல் நாடு இந்தியா. இப்போது நடு இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் நம் பெயரில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். 2021இல் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ‘வராகா’ என்ற எந்திரம் 5,270 மீட்டர் ஆழத்தில் ஊர்ந்து பார்த்துவிட்டு வந்தது. பேர் வைத்தவருக்குப் புராணமும் தெரிந்திருக்கிறது. செய்தியைப் படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கல்லை அள்ளிய பிறகு?

பெரு நாட்டுக்கு எதிரே பசிபிக்கின் அடியில், 1989இல், ஜெர்மன் விஞ்ஞானிகள் ஒரு கலப்பையை இழுத்தார்கள். 8 மீட்டர் அகலக் கலப்பை, நாலாயிரம் மீட்டருக்கும் கீழே. கல்லை அள்ளினால் என்ன ஆகும் என்று பார்க்க அள்ளாமலேயே உழுதது. 26 ஆண்டு கழித்து, 2015இல், கேமராவை இறக்கினால் உழவுசால் அப்படியே கிடக்கிறது. அந்தப் பக்கத்துக் கடலடியில் வெளுத்த ஆக்டோபஸ் ஒன்று உண்டு. கல்லில் வேர்பிடித்து, பின்னர் செத்துப்போன கடற்பஞ்சின் தண்டில்தான் முட்டையை ஒட்டிவைத்து அடைகாக்கிறது. அங்கே மற்றதெல்லாம் சேறு. கெட்டியாகப் பிடித்துக்கொள்ள இருப்பது இந்தக் கல் ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் பஞ்சு எங்கே முளைக்கும், ஆக்டோபஸ் எங்கே போகும்?

“கலங்கல் வெள்ளத்துல தூண்டில் போடாத மக்கா” என்பார் பெரியப்பா. ஆழ்கடலுக்குக் கவலைப்படுகிறவர்களின் பேச்சிலும் பாதி இதுதான். எந்திரம் ஊரும்போது கிளம்பும் சேறு ஒன்று. கல்லைப் பிரித்தபின் கப்பலிலிருந்து திரும்பக் கடலுக்குள் விடுகிற சேற்றுத்தண்ணீர் இன்னொன்று. இருட்டில், ஆடாத தண்ணீரில், மிக மிக மெல்லச் சேறு படிந்து பழகிய தரை அது. அங்கே இருப்பவற்றில் பல தண்ணீரை வடிகட்டித் தின்று பிழைப்பவை.

கலங்கலுக்காகவே பெரியப்பாவுக்கு, அடியைச் சுரண்டி வலை இழுக்கும் மடிபோட்டைக் கண்டால் ஆகாது. இழுவை மடி கேரளக் கரைக்கு வந்தது நார்வேக்காரர்கள் வழியாக. 1953இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் தொடங்கிய திட்டம். அதே நார்வேதான் 2024 ஜனவரியில் தன் வடக்குக் கடற்பரப்பைச் சுரங்கத்துக்குத் திறக்க நாடாளுமன்றத்தில் ஓட்டுப்போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிசம்பரில் உரிமம் கொடுப்பதைத் தள்ளிவைத்தது.

அதற்குச் சற்று முன்பு, நவம்பரில், இங்கே 13 கடல் கனிமத் தொகுதிகளை ஒன்றிய அரசு ஏலத்துக்கு விட்டது. குஜராத்துக்கு எதிரே சுண்ணாம்புச் சேறு மூன்று, கொல்லத்துக்கு எதிரே கட்டுமான மணல் மூன்று, பெரிய நிக்கோபாரைச் சுற்றிக் கல்லும் உலோகப் படிவுமாக ஏழு. கொல்லம் கொதித்தது. 2025 பிப்ரவரியில் கேரளக் கடற்கரை முழுக்க ஹர்த்தால். மார்ச்சில் சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம்.  கொல்லத்துப் படகுகளில் நம் குமரி மாவட்டத்துப் பையன்கள் நிறையப் பேர். சின்னம்மா மகன் சக்திகுளங்கரையில் ஒரு படகில் இருக்கிறான். ஹர்த்தால் அன்று போனில் பிடித்தேன்.

“உங்க மடியும் அடியத்தானே சுரண்டுது?” என்றேன். இந்தக் கேள்வியைக் கேட்காமல் அவர்கள் பக்கம் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

“சுரண்டும். இல்லேங்கல” என்றான். “ஆனா மழைக்காலத்துல 52 நாளு போட்டக் கட்டிப்போட்டுட்டுக் கெடக்கோம்லா. மெஷினுக்கு அப்படிக் கெடப்பு உண்டா?”

எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை. கொல்லத்துக் கடலில் ஆண்டுக்கொரு மழைக்காலமாவது வந்து அடியைப் புரட்டித் தேற்றிவிடும். ஐந்தாயிரம் மீட்டருக்குக் கீழே மழைக்காலம் கிடையாது. பல்லைச் சுற்றிக் கல் திரும்ப வளருவதற்கு எத்தனை நாள் கட்டிப்போடுவது?

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலடி மனிதகுலம் முழுவதற்கும் பொதுச்சொத்து என்று 1967இல் ஐ.நா.வில் வாதாடியவர் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ. அதன் பேரால் உண்டான சர்வதேசக் கடலடி ஆணையம் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கிறது. அதைத் தாண்டிக்கொண்டு அமெரிக்கா தானே உரிமம் கொடுக்க வழிசெய்யும் ஆணையில் 2025 ஏப்ரலில் டிரம்ப் கையெழுத்திட்டார். இப்போதைக்கு நிறுத்துங்கள் என்று சொல்லும் நாடுகள் 30க்கும் மேல். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை; இலங்கையும் உரிமை கோருகிற அஃபனாசி நிகிதின் கடல்மலைக்கு 2024இல் விண்ணப்பம் போட்ட நாடு இது.

இதையெல்லாம் பிறகொரு நாள் போனில் அவனுக்கும் கொஞ்சம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

“நாங்க இங்க ரோட்டுல இறங்குதோம். அந்த நடுக்கடலுக்கு யாருண்ணே இறங்குவா? கருத்துக் கேக்கணும்னா எங்க வச்சுக் கேப்பாவ?”

“கிங்ஸ்டன்ல.”

“அது எந்த ஜில்லா?” என்றான். சொல்வதற்குள் யாரோ அவனைக் கூப்பிட, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.